நடுக்கூடத்தில் ஒரு கிட்டார்



இக்கட்டுரையை எழுதுவோர் நாங்கள் இருவர், கணவனும் மனைவியும். எழுதியது ஒருவர் கை; அடித்துத் திருத்தியது மற்றவர் கை. ஓரிடத்தில் எங்களுக்குள் கருத்தொற்றுமை இல்லை. அவ்விடம் வரும்போது அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், பாலாற்றை அடைவதற்கு முன்னால் இருக்கிறது ஓரிக்கை. திருமழிசை ஆழ்வாரும் அவருடைய சீடர் கணிகண்ணனும் காஞ்சியை விட்டு வெளியேறியபோது, பெருமாளும் அவர்களோடு வந்து ஓரிரவு தங்கிய இடம் இது என்பது வைணவ மரபு. ஓரிரவிருக்கை என்பதே ஓரிக்கை ஆயிற்றாம். பணிக்காலத்தில் போக்குவரத்துக் கழகப் பணிமனைக்கு அருகில் இருந்தால் நல்லது என்று வந்த நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம். எங்கள் தெருவில் தறியோசை கேட்காத பகற்பொழுது அரிது. முன்பு இன்னும் அதிகம். இப்போது சில வீடுகளில் மட்டும்.

எங்களுக்கு ஒரே மகன். வயது இருபத்து நான்கு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. சென்ற ரஜப் மாதத்தில் ஒருநாள் அவன் சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, அவனுடைய இடக்கை விரல் நுனிகள் காய்த்துத் தடித்திருப்பதை அவன் தாயார் கண்டார். இரும்பைப் பிடிக்கும் வேலையாயிற்றே என்று முதலில் வருந்தினார். பிறகு வலக்கையைப் பார்த்தார். அது மெத்தென்று இருந்தது. இரும்பை ஒரு கையால் மட்டும் பிடிப்பார்களா?

கேட்டதும் அவன் மறைக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக அவனிடம் ஒரு கிட்டார் இருந்திருக்கிறது. பழைய விலைக்கு வாங்கியது. அதை ஒரு நண்பன் வீட்டில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சென்று வாசித்திருக்கிறான். எங்களிடம் ஓவர்டைம் என்று சொல்லிச் சென்ற ஞாயிற்றுக்கிழமைகள் அவை. ஓவர்டைம் என்பதற்காக நாங்கள் எத்தனை முறை அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்திருப்போம்!

கிட்டாரைவிட அந்தச் சோற்றுப்பொட்டலம்தான் எங்களை வருத்தியது. அன்றிரவு இருவரும் அதிகம் பேசவில்லை.

உண்மையில், இசையைப் பற்றி எங்கள் வீட்டில் அதுவரை முறையான பேச்சு எதுவும் நடந்ததில்லை. நாகூர் ஹனீஃபாவின் குரலைத் திருமண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 2015ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது உறவினர் ஒருவரை இழந்ததுபோல் இருந்தது. அவருடைய பாட்டுக்குப் பின்னால் ஒலித்த வாத்தியங்கள் கூடுமா கூடாதா என்று எங்கள் பெரியவர்கள் எங்களிடம் சொன்னதுமில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. சொந்த மகன் கையில் வாத்தியத்தைப் பார்த்த பிறகே கேட்கத் தோன்றியது. இதை நாங்கள் சற்று வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

ஒரு வாரம் படித்தோம். லுக்மான் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் கண்டிக்கும் வீணான பேச்சு என்பது பாடலையே குறிக்கும் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கம் தந்திருக்கிறார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள ஒரு நபிமொழி, பிற்காலத்தில் சிலர் விபசாரத்தையும் பட்டையும் மதுவையும் இசைக்கருவிகளையும் ஆகுமானவையாக்கிக் கொள்வார்கள் என்று எச்சரிக்கிறது. அந்த அறிவிப்பின் தொடர் அறுபட்டது என்று கோர்தோபா நகரின் இப்னு ஹஸ்ம் வாதிட்டார்; அது சரியானதே என்று இப்னு ஹஜர் அவருக்கு மறுப்பெழுதினார். இன்னொரு புறம், பெருநாள் நாளில் ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இரு சிறுமியர் பாடிக் கொண்டிருந்ததும், அபூபக்ர் (ரலி) அவர்கள் கடிந்துகொண்டதும், அவர்களை விட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் புகாரியிலேயே இருக்கின்றன. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா உலூமித்தீனில் இசை கேட்பதற்கென ஒரு தனிப்பகுதியே எழுதியிருக்கிறார். பாடலையும் தஃபையும் அனுமதிக்கும் அவரே, குடிகாரர்களின் அவைக்குரியவை என்று சொல்லி நரம்புக் கருவிகளை விலக்குகிறார். நம் காலத்து யூசுஃப் அல்கர்ளாவியோ நிபந்தனைகளோடு அனுமதிக்கிறார்.

பட்டு என்ற சொல்லைக் கண்டதும் எங்களுள் ஒருவருக்கு ஒரு வாதம் தோன்றியது. பட்டினால் வாழும் ஊர் இது. அண்டை வீட்டுத் தறியில் பட்டு, பெருநாளன்று பெட்டியிலிருந்து எடுக்கும் சேலையில் பட்டு. பட்டோடு இவ்வளவு இணக்கமாக வாழும் நாம், அதே வாக்கியத்தில் உள்ள இன்னொன்றுக்கு மட்டும் ஏன் அஞ்ச வேண்டும்? வாதத்தைத் தூக்கிக்கொண்டு ஹஜ்ரத்திடம் சென்றார். ஹஜ்ரத் சிரித்துவிட்டார். "பட்டு ஆண்களுக்கு விலக்கு, பெண்களுக்கு ஆகும் என்பதைத் தனி நபிமொழி சொல்கிறது. நீங்களாக யோசித்துச் சொன்னதல்ல பாய் அது" என்றார். வாதம் அங்கேயே முடிந்தது.

பிறகு அவர் சொன்னதைத்தான் நாங்கள் இருவரும் இருவிதமாகக் கேட்டோம். "ஃபத்வா கேட்டால், நம் ஹனஃபி மத்ஹபில் நரம்பு வாத்தியம் கூடாது; அதுதான் என் பதில். பிள்ளையைப் பற்றிக் கேட்டால், பொய் சொல்லிவிட்டு வெளியே போகிறவனை முதலில் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்" என்றார். இது மறைமுகமான இசைவு என்று ஒருவர் எண்ணினார். இல்லை, பிள்ளையை அழைத்துவரச் சொன்னாரே அன்றி வாத்தியத்தை அழைத்துவரச் சொல்லவில்லை என்றார் மற்றவர். இன்றளவும் இதில் நாங்கள் ஒன்றுபடவில்லை. ஹஜ்ரத்திடம் மறுபடி கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்தான். கேட்க இருவருக்குமே துணிவில்லை.

அந்நாட்களில் யூசுஃப் இஸ்லாம் அவர்களின் கதையையும் படித்தோம். கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றிருந்த அந்தப் பாடகர் 1977இல் இஸ்லாத்தைத் தழுவினார். 1979இல் தம் கிட்டார்களை ஏலம்விட்டு அறப்பணிக்குக் கொடுத்துவிட்டு மேடையை விட்டே விலகினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய மகன் வீட்டுக்குள் ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தான். தந்தையின் விரல்கள் பழைய இடங்களை மறக்கவில்லை. 2006இல் மீண்டும் கிட்டாரோடு ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். 2014இல், தாம் ஏன் இன்னும் கிட்டாரைச் சுமக்கிறேன் என்பதை விளக்கி ஒரு சிறுநூலும் எழுதினார். மகன் இதை எங்களுக்குச் சொன்னபோது அவன் குரலில் ஒரு வெற்றி இருந்தது. அவன் தாயார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அத்தனை வருஷம் விட்டிருந்தாரே, அதை யாருக்காக விட்டார்?" மகன் பதில் சொல்லவில்லை. அது மடக்குவதற்காகக் கேட்ட கேள்வியும் அல்ல.

இறுதியில் ஷஅபான் மாதத்து ஞாயிறு ஒன்றில், அஸருக்குப் பின் நண்பர்கள் நம் வீட்டிலேயே கூடலாம் என்று முடிவாயிற்று. முடிவு என்பதைவிட, ஒருவர் இசைந்தார், மற்றவர் தடுக்கவில்லை என்று சொல்வது பொருத்தம். கதவு திறந்திருக்க வேண்டும், ஒலிபெருக்கி கூடாது, ஆபாசப் பாடல் கூடாது, பாங்கு சொன்னதும் நிறுத்த வேண்டும். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். இதை அவர்கள் ஜாம் செஷன் என்கிறார்கள். கச்சேரி அல்ல, கேட்பவர் இல்லை, வாசிப்பவர் மட்டுமே. யாருக்கு எது தெரியுமோ அதை எடுத்துவிட, மற்றவர்கள் கூடவே பிடித்துக் கொள்வார்கள்.

ஐவர் கூடினர். பட்டுக்கடையில் கணக்கு எழுதும் நெசவாளர் மகன் ஒருவன், மாதா கோவில் பாடற்குழுவில் இருக்கும் ஒருவன், பேருந்துப் பணிமனையில் வேலை செய்யும் ஒருவன், நாற்பது வயதைக் கடந்த பிறகு கைப்பேசிக் காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பள்ளி ஆசிரியர் ஒருவர், எங்கள் மகன். கிட்டார்கள் மூன்று. பணிமனைக்காரர் எங்கள் மர நாற்காலியையே தாளக்கருவி ஆக்கிக்கொண்டார்.

சுருதி சேர்ப்பதிலேயே இருபது நிமிடங்கள் கழிந்தன. தடித்த நரம்பிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று ஆறு நரம்புகளாம். கைப்பேசியை அருகில் வைத்து, பச்சை விளக்கு எரியும்வரை முறுக்குகிறார்கள். கட்டிலில் அமர்ந்து தஸ்பீஹ் மணிகளை உருட்டிக் கொண்டிருந்த நன்னிமா, "இவ்வளவு நேரம் முறுக்கினதுக்கு ஒரு கயித்துக் கட்டிலே பின்னியிருக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின்தான் வீட்டில் இறுக்கம் தணிந்தது.

ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகளை வைத்துக்கொண்டே அவர்கள் நெடுநேரம் ஓட்டினார்கள். ஆசிரியர் நடுநடுவே செய்தி சொன்னார். இளையராஜா, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவராம். எங்கள் மகன் தன் பங்குக்கு, 822இல் பாக்தாத் பக்கமிருந்து கோர்தோபாவுக்குச் சென்ற ஸிர்யாப் என்ற இசைவாணர் ஊத் என்ற நரம்புக் கருவிக்கு ஐந்தாம் நரம்பைச் சேர்த்தவர் என்றும், அந்த ஊத்தின் பெயரிலிருந்துதான் ஐரோப்பியரின் லூட் வந்தது என்றும் சொன்னான். இதையெல்லாம் எப்போது படித்தான்?

வாசிப்பு நன்றாக இருந்ததா என்றால், இல்லை. ஒருவர் முடிக்கும் இடத்தில் இன்னொருவர் தொடங்கினார். பணிமனைக்காரர் நாற்காலியில் ஓட்டிய வேகத்துக்குப் பேருந்தே ஈடுகொடுத்திருக்காது. அப்போது எதிர்வீட்டு நெசவாளர், "உள்ளே வரலாமா பாய்?" என்று கேட்டுக்கொண்டே வந்து வாசற்படியருகே அமர்ந்தார். சற்று நேரம் கேட்டார். ஒரு கிட்டாரை வாங்கி, பாவு நூலைச் சோதிப்பதுபோல் நரம்புகளைப் புறங்கையால் தடவிப் பார்த்தார். "கோர்வைப் புடவைக்கு ரெண்டு பேர் உட்காரணும். கரையில இருக்கிற பையன் ஒரு நாடா முந்திட்டாலும் கரையும் உடலும் சேராது. நீங்க அவரவர் கையைத்தான் பார்க்கறீங்க, பக்கத்து ஆள் கையைப் பாருங்க" என்றார். ஆசிரியர் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். அதன்பின் ஒரு பாட்டு முழுதாக முடிந்தது. ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதத்தை நாங்கள் மறக்க மாட்டோம்.

அடுத்து எங்கள் மகன் தனியாக, மெதுவாக, ஹனீஃபாவின் பாடல் ஒன்றின் மெட்டை வாசித்தான். நன்னிமாவின் உதடுகள் அசைந்தன. எங்களுள் ஒருவர் எழுந்து அடுப்படிக்குச் சென்றார். மகிழ்ச்சியாலா வருத்தத்தாலா என்று மற்றவர் இதுவரை கேட்கவில்லை. இந்த வரியைத் திருத்தும்போதும் பதில் வரவில்லை.

மஃரிப் பாங்கு சொன்னதும் நாங்கள் சொல்லாமலே கிட்டார்கள் சுவரோரம் சாய்ந்தன. தந்தையும் மகனும் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார்கள். உள்ளறையில் தொழுத தாயார் பின்னர் சொன்னது இது: அவர் ஸலாம் கொடுத்து முடிக்கும்வரை கூடத்தில் இருந்த நால்வரும் ஒரு சொல் பேசவில்லை, தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கும் ஓசைகூடக் கேட்கவில்லை. தடுக்காமல் இருந்தவர் இவர்தான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லுகிறோம்.

பள்ளிவாசலில் வேறுவிதமாக இருந்தது. செய்தி எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. "உங்க வீட்டுல கச்சேரியாமே?" என்று ஒருவர் கேட்டார். இன்னொரு பெரியவர், மறுமையில் பிள்ளைக்காகத் தந்தையும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று சற்று உரக்கவே சொன்னார். அவர் சொன்னது பொய்யல்ல. ஆகவே மறுமொழி சொல்ல இயலவில்லை. மகனின் முகம் கருத்துவிட்டது. அருகில் நின்ற ஹஜ்ரத் அந்தப் பேச்சுக்குள் நுழையவே இல்லை. மகனின் தோளைத் தொட்டு, "நாளை ஃபஜ்ருக்கு வருவாயா?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை சென்றான். செவ்வாயும் சென்றான். புதனன்று இரவுப்பணி. வியாழனன்று அவனை எழுப்ப முயன்று தோற்றோம். பிறகு வந்த நாட்கள் கலந்தே இருக்கின்றன. ஆனால் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போகும் ஞாயிறு இதுவரை இல்லை. போன வாரம் உண்மையாகவே ஓவர்டைம் வந்தபோது, சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து அவனாகவே காட்டினான். காட்டத் தேவையில்லை என்றோம். இருந்தாலும் இருவரும் வாங்கிப் படித்தோம்.

நண்பர்கள் மறுபடியும் கூட நாள் கேட்டிருக்கிறார்கள். ரமழான் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறோம். அது வரைக்கும் ஒருவர் மற்றவரை இணங்கச் செய்துவிடலாம் என்பது இருவருடைய நம்பிக்கையும்.

நேற்று மாலை கிட்டாரை நன்னிமாவின் பழைய சேலையில் சுற்றி அலமாரியின் மேல் வைத்தான். வைப்பதற்கு முன் ஆறு முளைகளையும் திருகினான். ஒரு மாதம் வாசிக்காமல் வைப்பதென்றால் நரம்புகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டுமாம். எந்த அளவுக்கு என்று அவன் தாயார் கேட்டார். "ரொம்ப இல்லை அம்மா, அரைச் சுற்று" என்றான்.