பதநீரும் கள்ளும்

மேலை நாடுகளில் ஆப்பிள் பழச்சாற்றைப் புளிக்கவைத்துச் 'சைடர்' என்னும் பானம் செய்கிறார்கள். ஸ்பெயின் நாட்டின் அஸ்தூரியாஸ் பகுதியில் புட்டியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, தாழ்வாகப் பிடித்த கண்ணாடிக் குவளையில் அதை ஊற்றுவர். ஒரே குவளை பலர் கைக்கு மாறும். இப்பண்பாட்டை 2024-ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இதைப் படித்தபோது, எங்கள் ஏனாத்தூர்ப் பக்கத்து ஏரிக்கரைப் பனைகளை எண்ணிக்கொண்டேன். அவர்களுக்கு ஆப்பிள் எப்படியோ, நமக்குப் பனை அப்படி.

காஞ்சி மண்ணுக்குக் குடிமரபு புதிதன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் மது வடிக்கும் முறை விளக்கமாக வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, ஆறவைத்து, முளையரிசி அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிடுவர் என்கிறார் புலவர். அதே தமிழில்தான் வள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என ஓர் அதிகாரமே வகுத்தார். குடியின் சுவையையும் கேட்டையும் நம் முன்னோர் இரண்டையுமே அறிந்திருந்தனர்.

பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இனிய சாறு வடிகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது பதநீர், பூசாவிட்டால், காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே சர்க்கரையைச் சாராயமாக மாற்றுகின்றன, அதுவே கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுபவரும் ஒருவரே. பிரிப்பது உரிய நேரத்தில் பூசிய சுண்ணாம்பு மட்டுமே.

எங்கள் பாட்டியார் பங்குனி, சித்திரை மாதங்களில் விடியற்காலையிலேயே பதநீர் வாங்கிவிடுவார். பிள்ளைகளுக்குப் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார். வெயில் ஏறிய பின் மீதியிருந்தால் எங்களுக்குத் தரமாட்டார். பச்சரிசியும் பாசிப்பருப்பும் இட்டுப் பொங்கலாக்கிவிடுவார். எது எந்த வேளையில் எதுவாக மாறும் என்பதை அவர் படித்தறியவில்லை, பழகி அறிந்திருந்தார்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பண்ணையாட்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகவே சைடர் அளந்தனர். 1887-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்தது. கூலி குடியாக வந்தால் வீட்டு அடுப்புக்கு என்ன மிஞ்சும்? எங்கள் தெருவிலும் அதைக் கண்டிருக்கிறேன். பட்டுத்தறியில் தேர்ந்த கையுடைய ஒருவர், சனிக்கிழமைக் கூலியுடன் நேரே கடைக்குப் போவார். புடவையின் ஜரிகையில் ஓர் இழை பிசகாதவர் வீட்டில் பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு பாதியில் அறுந்தது. அந்த அம்மாள் பிறர் வீட்டில் நூல் சுற்றி இரு பெண்களைக் கரையேற்றினார்.

இராஜாஜி 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-இல் அது தளர்த்தப்பட்டது. பின்னர்க் கடைகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. 1987 முதல் கள் விற்பனைக்குத் தடை உள்ளது; ஆயினும் 2003 முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையாக விற்கிறது. கள்ளை அனுமதிக்கக் கோருவோரின் குரலில், பனையேறிகளின் வாழ்வுக் கவலை இருப்பதை மறுக்க இயலாது. ஆனால் குடும்பத்தவராகிய நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: நம் பிள்ளைகள் பதநீரின் சுவையை அறிவார்களா?

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021-இல் அரசு அறிவித்தது. மரம் நின்றால் மட்டும் போதுமா? ஏறுவாரின்றிப் பாளைகள் வீணே காய்கின்றன. காலையில் இறக்கிய பதநீருக்கு உரிய விலை தந்து வாங்குவோர் இருந்தால், பனையேறிக்குக் கள்ளை நாடவேண்டிய நெருக்கடி குறையும். நம் வீட்டுப் பணம் ஓர் உழைப்பாளியின் வீட்டு அடுப்பை எரிக்கும். குளிர்பானப் புட்டிகளின் இடத்தில் நம் மண்ணின் பானம் அமரும். வரும் கோடையில் ஒரு நாளேனும் பிள்ளைகளை அழைத்துச் சென்று அதை வாங்கித் தாருங்கள். அந்தக் கலயத்தில் ஏன் சுண்ணாம்பு பூசுகிறார்கள் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.