காலித் தோட்டாவுக்குள்ள என்ன மிச்சம் இருக்கு?

1/
சுட்டு முடிச்ச தோட்டாவோட பித்தளைக் கூட்டைப் பத்தி ஒரு அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஏன் த்ரெட் போடணும்னு கேப்பீங்க. ஒரு குழந்தையோட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்தான் காரணம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
என் பள்ளித் தோழன் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறான். போன வருஷம் வாட்ஸ்அப்பில் ஒரு ரிப்போர்ட் அனுப்பினான். அவனோட ரெண்டு வயசு மகளுக்கு ரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 9 மைக்ரோகிராம். "டேய், இது பயப்படுற அளவாடா?"

(காரீயம்னா லெட். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேற, இது வேற.)

3/
அமெரிக்காவின் சிடிசி 2021-இல் குழந்தைகளுக்கு வைத்த அளவு 3.5. அதைத் தொட்டாலே எங்கிருந்து வருதுன்னு தேடணும். அதுக்குக் கீழே இருந்தா பாதுகாப்புன்னும் அர்த்தம் இல்லை. காரீயத்தில் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது.

9-ல் பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது. குழந்தை ஓடும், ஆடும், சாப்பிடும். அடி வாங்குறது வளர்ற மூளை. படிப்பு, கவனம், நடத்தை எல்லாம் அதில் அடக்கம்.

4/
அங்கே முதல் சந்தேகம் 1978-க்கு முன் கட்டின வீடுகளோட பழைய பெயின்ட் மேலதான் வரும். இவன் வீடு புதுசு. மஞ்சள் தூள், கண்மை, நாட்டு மருந்து எல்லாம் கேட்டேன். எதுவும் இல்லை. கடைசியா "வீட்டுல வேற என்னடா பண்றே?"ன்னேன்.

"கராஜ்ல ரீலோடிங் பண்ணுவேன்."

5/
தோட்டாவில் நாலு பாகம்: பித்தளைக் கூடு, பிரைமர், மருந்து, குண்டு. (ஆமா, துப்பாக்கிக்குப் போடுறதும் மருந்துதான்!) சுட்டதும் மருந்து எரிஞ்சிடும், குண்டு போயிடும், கூடு மிஞ்சும்.

அது 70% செம்பு, 30% துத்தநாகம். சுடும்போது விரிஞ்சு, உடனே கொஞ்சம் சுருங்கிக்கும். அதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து திரும்ப நிரப்புறதுதான் ரீலோடிங். அங்கே அது சட்டப்படியான பொழுதுபோக்கு. இங்கே லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிச்சா 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

6/
இதில் பாதி வேலை பழைய கூடுகளைத் தரம் பிரிக்கிறது. காந்தம் வெச்சு இரும்பை ஒதுக்கணும். அடியில் பொறிச்ச எழுத்தைப் பார்த்து அளவு, கம்பெனின்னு பிரிக்கணும்.

உள்ளே நடுவில் ஒரே ஓட்டை இருந்தா பாக்ஸர் வகை, எடுத்துக்கலாம். ரெண்டு ஓட்டை இருந்தா பெர்டான் வகை, பெரும்பாலும் ஒதுக்கிடுவாங்க. ரெண்டுமே 1866-இல் வந்தவை. பாக்ஸர் பிரிட்டிஷ்காரர், பெர்டான் அமெரிக்கர். ஆனா அமெரிக்காவில் நிலைச்சது பாக்ஸர் வகை.

7/
அப்புறம் விரிசல். வாயில் கீறல் இருந்தா குப்பை. அடிப்பக்கம் பளபளன்னு ஒரு வளையம் தெரிஞ்சா, உள்ளே வளைச்ச கம்பியை விட்டுத் தடவிப் பார்ப்பாங்க. பள்ளம் தட்டுப்பட்டா அதுவும் குப்பை. அடுத்த தடவை சுடும்போது கூடு ரெண்டா பிரியலாம்.

பித்தளை விரிசலுக்கு நம்ம மண்ணிலேயே ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வெச்சிருந்த தோட்டாக்கள் சுடாமலே விரிசல் விட்டன. 1921-இல்தான் காரணம் விளக்கப்பட்டது: குதிரை மூத்திரத்தில் இருந்து வரும் அம்மோனியா, கூட்டை உருவாக்கும்போதே பித்தளைக்குள் தங்கின இறுக்கம். ரெண்டும் சேர்ந்து உடைச்சிருக்கு. அம்மோனியா கலந்த பாலிஷை இன்னைக்கும் கூடுகளுக்குப் போடக் கூடாதுன்னு சொல்றது இதனாலதான்.

8/
இத்தனையும் அவன் எனக்கு மூச்சு விடாமல் சொன்னான். ஒரு கூட்டில்கூட விரிசலை விட மாட்டான். நான் கேட்டது ஒண்ணுதான்: "அந்தக் கூட்டுக்குள்ள கறுப்பா ஒட்டியிருக்கே, அது என்னடா?"

பிரைமரில் வழக்கமா இருப்பது லெட் ஸ்டிப்னேட். சுட்ட பிறகு அதோட கரி கூட்டுக்குள்ள தங்கும். மக்காச்சோளத் தக்கைத் தூளோடு டம்ளர் மெஷினில் கூடுகளை உருட்டினால் அந்தக் கரி தூளோடு கலந்துடும். மூடியைத் திறந்து சலிச்சா தூசியா பறக்கும்.

9/
அவன் சலிக்கும்போது மகள் பக்கத்தில் தரையில் உக்காந்து கூடுகளை உருட்டி விளையாடுவாளாம். அதே டி-ஷர்ட்டோட அவளைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள போவானாம். இந்த வயசுல கை எந்நேரமும் வாயில்தான். வயித்துக்குள்ள போன காரீயத்தைக் குழந்தை உடம்பு பெரியவங்களைவிட 4–5 மடங்கு இழுத்துக்கும். இரும்புச்சத்து குறைவா இருந்தா இன்னும் மோசம்.

10/
அவங்க குழந்தை மருத்துவர் நரம்பு ரத்தத்தில் திரும்பப் பார்த்து உறுதி செஞ்சார். 9-க்கு மருந்து கிடையாது. காரீயத்தை வெளியேற்றும் மருந்து பொதுவா 45-ஐத் தொட்டால்தான். இங்கே சிகிச்சையே வர்ற வழியை அடைக்கிறதுதான். கூடவே இரும்பும் கால்சியமும் குறையாம சாப்பாடு.

கராஜுக்குள் குழந்தைக்குத் தடை. உலர் டம்ளர் போய், தண்ணியில் கழுவுற முறை வந்தது. துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி. அந்த வேலைக்குத் தனிச் சட்டை, தனிச் செருப்பு. கை கழுவி, குளிச்சுட்டுத்தான் மகளைத் தூக்கணும்.

11/
சில மாசத்தில் 5, அப்புறம் 3. ரத்தத்தில் காரீயம் சுமார் ஒரு மாசத்தில் பாதியாகும். எலும்பில் போய் உக்காந்தது பல வருஷம் இருக்கும். அதனால நம்பர் இறங்கினா எல்லாம் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. அவளை இன்னும் கவனிச்சுக்கிட்டுதான் இருக்காங்க.

12/
நம்ம ஊர்ல ரீலோடிங் இல்லை. ஆனா பழைய பேட்டரி உடைக்கிறவங்க, காரீயம் உருக்குறவங்க, சால்டரிங் பண்றவங்க இருக்காங்க. தூசி அதே மாதிரி சட்டையில்தான் வீட்டுக்கு வருது. ரத்தசோகை, மலச்சிக்கல், வயித்துவலின்னு குழந்தையைக் கூட்டிக்கிட்டு வந்தா, அப்பாவும் அம்மாவும் என்ன வேலை பார்க்கிறாங்கன்னு நான் கேட்பேன். நான் கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும் சொல்லுங்க.

வேலைச் சட்டையை வாசல்லயே கழட்டுங்க. தனியா துவைங்க. குளிச்சுட்டுப் பிள்ளையைத் தூக்குங்க.

இந்த மாதிரி வேலையில் இருக்கிற யாராவது தெரிஞ்சா அவங்களுக்கு அனுப்பி வைங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.