பிள்ளை குழம்பாது

வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது என்று பயப்படும் பெற்றோரை இந்த எழுபது வயதுக்குள் நிறையப் பார்த்துவிட்டேன். அந்தப் பயத்தை ஏற்றிவிடும் பள்ளிகளும் உண்டு. நம் ஊர்ப் பயம் மட்டுமல்ல இது. இரண்டு மொழி குழந்தையின் மூளையைக் குழப்பும் என்று மேலைநாட்டு அறிஞர்களே பல காலம் எழுதிவந்தார்கள். 1962இல் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளே அறிவுத் தேர்வுகளில் முந்தி நின்றார்கள்.

அந்த வழியில் வெகுதூரம் நடந்தவர் டொரன்டோ யார்க் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் எல்லன் பியாலிஸ்டாக். சின்னப் பிள்ளைகளிடம் அவர் வைத்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 'ஆப்பிள் மூக்கில் காய்க்கிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். அர்த்தத்தை விடு, இலக்கணம் சரியா என்பது கேள்வி. ஒரு மொழி மட்டும் தெரிந்த பிள்ளைகள், மூக்கில் எப்படிக் காய்க்கும் என்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். இருமொழிப் பிள்ளைகளுக்கும் அது அசட்டுப் பேச்சு என்று தெரியும். ஆனாலும் அதை ஒதுக்கிவிட்டு, இலக்கணம் சரிதான் என்று சொல்ல அவர்களுக்கு முடிந்தது.

ஏன் முடிந்தது? இரண்டு மொழி அறிந்தவர் ஒன்றைப் பேசும்போது மற்றது தூங்குவதில்லை. ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் ஸ்பைவி, மரியன் என்ற இருவர் செய்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. எதிரே சில பொருள்களைப் பரப்பி, தபால்தலையை எடு என்று ரஷ்ய மொழியில் சொன்னார்கள். அந்த மொழியில் தபால்தலை 'மார்கா'. கேட்டவர்களின் கண் பல சமயம் பக்கத்தில் கிடந்த மார்க்கர் பேனாவை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தபால்தலைக்கு வந்தது. இப்படி வாழ்நாள் முழுக்க ஒன்றை அடக்கி ஒன்றை எடுப்பதுதான் மூளைக்குப் பயிற்சி என்பது பியாலிஸ்டாக்கின் வாதம்.

என் வயதுக்காரர்களுக்கு வேண்டியது இனிமேல்தான். 2007இல் அவரும் அவருடைய சகாக்களும் டொரன்டோவில் மறதி நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த 184 பேரின் விவரங்களை அலசினார்கள். வாழ்நாளெல்லாம் இரண்டு மொழி புழங்கியவர்களுக்கு நோயின் அறிகுறி ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தள்ளித் தெரிந்திருந்தது. வராமல் தடுத்துவிடவில்லை, தள்ளிப்போனது, அவ்வளவுதான். அவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களாயிற்றே, காரணம் அதுவாக இருக்கக்கூடாதா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பதில் ஹைதராபாத்திலிருந்து வந்தது. நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். தெலுங்கும் உருதுவும் இந்தியும் தெருவிலேயே கலந்து புழங்கும் ஊர் அது. இரண்டு மொழி பேச யாரும் கடல் கடக்க வேண்டியதில்லை. அங்கேயும் நாலரை ஆண்டு வித்தியாசம் தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் தெரிந்தது என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சந்தையிலும் வாசல் திண்ணையிலும் பேசிப் பழகிய மொழியே போதுமாக இருந்திருக்கிறது.

மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கென்னத் பாப் போன்றவர்கள் திரும்பத் திரும்பச் சோதித்தும் கவனத் திறனில் அப்படியொரு மேன்மையைக் காணவில்லை என்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. அதனால் பேரப்பிள்ளைக்குத் தமிழைக் கஷாயம்போலப் புகட்டாதீர்கள். மூளை பலக்கும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிற மொழி வீட்டில் தங்காது. தாத்தாவிடம் சண்டை போடவும் அத்தையிடம் நச்சரித்துக் காரியம் சாதிக்கவும் உதவுகிற மொழிதான் தங்கும். வீட்டு மொழி பிள்ளையைக் கெடுக்கும் என்று மட்டும் இந்த இரண்டு கட்சியிலும் யாரும் சொல்லவில்லை.

ஆகவே இளம் பெற்றோரே, யார் பயமுறுத்தினாலும் வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். தாத்தா பாட்டிமாரே, டொரன்டோவிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ போனில் வரும் பேரன் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்களும் ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள். அவன் பாட்டுக்கு அவன் பேசட்டும். நீங்கள் தமிழிலேயே கேளுங்கள், இன்றைக்கு என்னடா சாப்பிட்டாய் என்று.