மேல் கையும் கீழ்க் கையும்

யத்தீம் பிள்ளையைப் பொறுப்பேற்பவர் மறுமையில் தம்மோடிருப்பார் என்று சொல்லி, நபி (ஸல்) அவர்கள் தம் இரு விரல்களைக் காட்டிய ஹதீஸை நாம் அடிக்கடி கேட்கிறோம். பொறுப்பேற்ற பிள்ளையின் வீட்டுக்குப் போனால் எப்படி நடந்துகொள்வது என்று எந்தக் குத்பாவிலும் கேட்ட ஞாபகம் எனக்கில்லை.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் பயின்ற ஐவர் நாங்கள். கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு வந்து பழக்கமான நாகூர் வியாபாரி ஒருவர்தான் அந்தக் குடும்பத்தை அறிமுகப்படுத்தினார். தகப்பன் மலேசியாவில் உணவகமொன்றில் வேலை செய்து, அங்கேயே மௌத்தானவர். தாய் தையல் வேலை செய்கிறார். ஒரே மகன். 2021 முதல் மாதம் 3,000 இந்திய ரூபாய் கொடுத்து வருகிறோம். கட்டாரிலுள்ள நண்பர் அனுப்புவார். நாங்கள் எங்கள் பங்கை அவர் வீட்டில் சேர்ப்போம்.

2025 ஆகஸ்ட் விடுமுறையில் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலேறினேன். 2023 ஒக்டோபரில் தொடங்கிய சேவை அது. 110 கிலோமீற்றர் கடல். நாலு மணித்தியாலப் பயணம். நாகபட்டினத்திலிருந்து நாகூர் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அந்த வீட்டு வாசலை மிதிக்க எனக்குத் தயக்கமாயிருந்தது.

காரணம் 2005. முந்திய டிசம்பர் 26இல் கடல் வந்து, எங்கள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிருந்தது. நாங்கள் முகாமில் இருந்தோம். உதவி கொடுத்தவர்கள் ஒருநாள் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். புத்தகப் பையையும் அவர்களின் பெயர்ப்பலகையையும் என் தம்பியின் கையில் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார்கள். படத்தில் கண் மூடிவிட்டதாம். மறுபடியும் சிரிக்கச் சொன்னார்கள். உம்மா கூடாரத்துக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டா. தம்பி அந்தப் பையைத் தோளில் போட்டதேயில்லை.

நாகூரில் நான் போன நாள் ஞாயிற்றுக்கிழமை. பையன் பள்ளிக்கூடச் சீருடையில் நின்றான். கதிரையில் மதிப்பெண் அட்டையும் சான்றிதழ் இரண்டும் அடுக்கப்பட்டிருந்தன. "மாமாவுக்கு ஓதிக் காட்டு புள்ள" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். இருபது வருடங்களாகப் பிள்ளைகளின் புள்ளிகளைப் பார்த்தே பிழைப்பவன் நான். அன்றைக்கு அந்த அட்டையை விரிக்கவில்லை. கடலில் நீந்தத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும், உம்மாட்ட சொல்லிடாதீங்க" என்றான். கதவுத் திரைக்கு அப்பால் தாய் சிரித்த சத்தம் கேட்டது. அதன்பிறகு அவன் சீருடையைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இறால் வாடாவைப் பிய்த்து என் தட்டிலும் வைத்தான்.

புறப்படும்போது அவன் ஒரு கடித உறையைக் கொண்டுவந்தான். திரைக்குப் பின்னாலிருந்து தாய் பேசினார்:

"நானா, ரெண்டாயிரத்து இருவத்திரெண்டுல உங்க நாட்டுல பால்மாவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசைன்னாங்க. ரெண்டு மாசம் அனுப்ப வேணாம்னு சொல்லி விட்டேன். கேக்காம அனுப்பிட்டீங்க. அத நான் தொடல. உங்க ஊர்ல ஒரு யத்தீம் புள்ளைக்குக் குடுத்துடுங்க."

உள்ளே 6,000 ரூபாய் இருந்தது. தமிழ்நாட்டு அரசு அந்த வருடம் இலங்கைக்கு 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் அனுப்ப முடிவெடுத்ததை நாமறிவோம். ஒரு தையல் இயந்திரத்தை நம்பியிருந்த இந்த வீட்டின் முடிவு எந்தச் செய்தியிலும் வந்ததில்லை.

வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் எப்போதும் என் கைதான் மேலே இருக்கவேண்டுமென்று அடம்பிடிப்பதாகியிருக்கும். சொல்லிக்காட்டுவதும் நோவினை செய்வதும் தர்மத்தைப் பாழாக்கும் என்று அல்பகராவின் 264ஆம் வசனம் எச்சரிக்கிறது. திருப்பித் தர வருபவரைத் தடுப்பதும் ஒரு நோவினைதான் என்று எனக்குப் பட்டது. பிஸ்மி சொல்லி வாங்கிக்கொண்டேன். படம் எடுக்கவில்லை.

ஊர் திரும்பி மாற்றியபோது இலங்கைக் காசில் 20,000க்குச் சற்றுக் கூடுதலாக வந்தது. எங்கள் ஊரில் கணவனை இழந்த ஒருவரின் வீட்டில் கொடுத்தேன். நாகூரிலிருக்கும் ஒரு சகோதரி தந்தது என்று மட்டும் சொன்னேன்.

"அவவுக்கு எத்தினை புள்ளைகள் சேர்?"

"ஒரு மகன். வாப்பா இல்லை."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் துஆச் செய்யிறன் எண்டு அவவுக்குச் சொல்லுங்க" என்றார். அன்றிரவே நாகூருக்குச் சொல்லிவிட்டேன்.