முழக்கத்தின் அளவு

மேலைநாட்டு 'மெட்டல்' இசை என்றாலே காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய இரைச்சல் என்பதுதான் நம்மில் பலருடைய எண்ணம். மடுகரையில் திருமண வீடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுக்கும் என் தங்கை மகனுக்கோ அதுவே உயிர். "ஒரு தடவை நிதானமாக் கேட்டுப் பாருங்க மாமா" என்று அவன் வற்புறுத்தவே, மெட்டாலிகா குழுவினர் 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட 'டெத் மேக்னடிக்' இசைத்தட்டிலிருந்து ஒரு பாடலை ஹெட்போன் வைத்துக் கேட்டேன்.

ஏறக்குறைய 8 நிமிடப் பாடல். மெல்லிய கிதார் இழையில் தொடங்கிப் படிப்படியாகச் சீற்றம் கொள்கிறது. ஆனால், சீற்றம் எழ வேண்டிய இடத்தில் எனக்கு அயர்ச்சியே மிஞ்சியது. பின்னர், வீடியோ விளையாட்டொன்றுக்காக வெளியான அதே பாடலின் மற்றொரு பதிவை ஒலிக்கச் செய்தான். என்ன வியப்பு! முரசின் ஒவ்வோர் அடியும் தனித்து விழுந்தது. அடிகளுக்கு இடையே மூச்சுவிட இடம் இருந்தது.

காரணத்தை அவனே விளக்கினான். கணினிப் பதிவில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதை மீற முடியாது. ஆகவே, உயர்ந்த ஒலிகளை 'கம்ப்ரஸர்' கொண்டு அமுக்கி, பிறகு அனைத்தையும் சேர்த்து வரம்புவரை உயர்த்துகிறார்கள். மெல்லொலியும் வல்லொலியும் ஒரே மட்டமாகிவிடுகின்றன. வரம்பில் முட்டிய சிகரங்கள் தட்டையாக வெட்டுண்டு கரகரக்கின்றன. அந்த இசைத்தட்டை மீண்டும் கலவை செய்து தருமாறு 10,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் மனுவில் கையொப்பமிட்டனராம்.

2015-இல் மறைந்த இசைமுரசு நாகூர் ஹனிபா அவர்களின் கணீர்க் குரலை எண்ணிப் பார்த்தேன். அவர் குரல் ஓங்கும்போது வாத்தியங்கள் ஒதுங்கி வழிவிடும். அதனாலன்றோ அது நெஞ்சில் பாய்கிறது!

"சரி தம்பி, நீ வைக்கும் ஒலிபெருக்கியில் மட்டும் ஏன் எல்லாம் ஒரே மட்டம்?" என்று கேட்டேன். "அடுத்த கடைக்காரர் அதிகமா வைக்கிறார் மாமா. நான் குறைச்சா அடுத்த கல்யாணம் எனக்குக் கிடைக்காது" என்றான். பிழைப்புக் கவலை, எளிதில் மறுத்துவிட முடியாது. ஆயினும் நிக்காஹ் சபையில் மணமகன் ஒப்புக்கொள்ளும் சொல்லும், பெரியவர்களின் துஆவும் பின்வரிசைக்கு எட்டாமற்போவதை நாம் கண்டுகொண்டுதானே இருக்கிறோம்?

அடுத்து வந்த திருமணத்தில் அவன் ஒலியைப் பாதியாகக் குறைத்தான். "மைக் வேலை செய்யலையா?" என்று இருவர் அதட்டினார்கள். அவன் கைவைக்கவில்லை. சற்று நேரத்தில் சபை தானாகவே அடங்கியது. மணமகன் தன் இயல்பான குரலில் "ஒப்புக்கொண்டேன்" என்றது கடைசி வரிசையில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.