ஒன்பது கோயில், இரண்டு டீசல்

திங்களூரில் சந்திரனை விடியலில் பார்த்துவிட வேண்டும், திருநள்ளாறில் சனீஸ்வரனைக் கடைசியாகப் பார்க்க வேண்டும், மற்ற ஏழும் நடுவில். ஒரே நாளில் நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் முடிக்க நினைப்பவர்களுக்குத் தஞ்சாவூர், கும்பகோணம் டாக்ஸிக்காரர்கள் சொல்லும் கணக்கு இது. அக்கா மகளுக்கு வரன் தள்ளிக்கொண்டே போகிறது, ஜோசியர் பரிகாரம் சொல்லிவிட்டார். பங்குனி ஞாயிறு ஒன்றில் இருட்டோடு எங்கள் குடும்பம் தஞ்சாவூரிலிருந்து இரண்டு கார்களில் புறப்பட்டது.

ஒன்று பெரியப்பாவின் அம்பாசடர். 1984 மாடல், டீசல். பெரியப்பாவுக்கு வயது 73. ஸ்டியரிங்கை அவர் யாரிடமும் கொடுப்பதில்லை. இன்னொன்று அக்கா மகனின் ஸ்விஃப்ட். 2011 மாடல், அதுவும் டீசல், மூன்றாவது கை. வாங்கிய கையோடு ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு தரையாகத் தாழ்த்தியிருக்கிறான். சைலன்சரை மாற்றியிருக்கிறான். என்ஜினின் கம்ப்யூட்டரில் ஏதோ எழுதி வேகம் கூட்டியிருப்பதாகவும் சொல்கிறான். கம்பெனி கொடுத்த அமைப்பை மீறி இப்படி மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. தீர்ப்பைப் பற்றிக் கேட்டால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவான்.

வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். அம்பாசடர் கிளம்பும்போது விட்ட புகையைப் பார்த்து, "தாத்தா, கொசு மருந்து அடிக்க வந்துருக்காங்கன்னு எதிர்வீட்டுல ஜன்னலைச் சாத்துறாங்க" என்றான் இவன். பெரியப்பா குனிந்து ஸ்விஃப்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். "இதுக்கடியில வயல் எலி பூந்துச்சுன்னா மண்டைய இடிச்சுக்கும்டா. எங்க ஊரு எலி பாவம்." தஞ்சாவூர்க் குசும்பில் குரல் உயராது. சொன்னவர் முகத்தில் சிரிப்பும் இருக்காது. அந்த வகையில் பெரியப்பா பழைய ஆள்.

வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள் தாண்டித் திருவையாறு. ஒன்றிலும் தண்ணீர் இல்லை. வழக்கமாக ஜனவரி 28இல் மேட்டூரை அடைத்தால் ஜூன் 12இல்தான் திறப்பார்கள். பங்குனியில் காவிரி மணல்தான். திங்களூர்ச் சாலை வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். அந்த வளைவுகளில் ஸ்விஃப்ட் எங்களை முந்தவில்லை, முந்த இடமில்லை. பின்னால் ஒட்டிக்கொண்டு ஹெட்லைட் அடித்தபடியே வந்தான். பெரியப்பா கண்ணாடியைப் பார்த்து, "முன்னாடி போய் சந்திரனுக்குச் சேதி சொல்லப் போறானாம்" என்றார்.

எங்கள் ஊர்ப்பக்கம் இந்தச் சண்டை புதிதல்ல. பெரியப்பா இளைஞராக இருந்த காலத்தில் வீட்டுக்கு வீடு இரண்டு கட்சி: அம்பாசடர் கட்சி, ஃபியட் கட்சி. சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்காரர்கள் அங்கங்கே சுயேச்சைகள். பத்துப் பேரை ஏற்றலாம், டிக்கியில் நெல் மூட்டை போடலாம் என்பது அம்பாசடர்காரர் வாதம். கை வலிக்காமல் ஓட்டலாம், சொன்னபடி திரும்பும் என்பது ஃபியட்காரர் வாதம். பெரியப்பாவின் மைத்துனர் ஃபியட். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தியில் உட்கார்ந்தும் இந்தப் பேச்சு ஓய்ந்ததில்லை.

பெரியப்பா இந்த வண்டியை வாங்கிய 1984இல் அது ஏற்கெனவே கிழவண்டி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை எடுத்து 1950களின் கடைசியில் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்யத் தொடங்கிய வண்டி அது. 1983 டிசம்பர் 14இல் இந்திரா காந்தி முதல் மாருதி 800இன் சாவியைக் கொடுத்துவிட்டார். பெரியப்பா வயதுக்காரர்கள் மாருதிக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். இவரோ முப்பது முப்பத்தொரு வயதில் அப்பா காலத்து வண்டியை வாங்கி, மாருதியை 'சோப்பு டப்பா' என்று சொல்லித் திரிந்தார். ஆகவே இவர் வயதாகிப் பழமை பேசுகிறவர் இல்லை. வாலிபத்திலேயே கார் விஷயத்தில் கிழவர்.

ஆலங்குடி, திருநாகேஸ்வரம் முடிந்து சூரியனார் கோயில் போகும் வழியில் முதல் பெரிய தகராறு. சூரியனார் கோயிலுக்கு முன் திருமங்கலக்குடியில் பிராணநாதரைக் கும்பிட வேண்டும் என்பது முறை. "பத்தாவது கோயில் கணக்குலயே இல்லையே தாத்தா, நடை சாத்திருவான்" என்றான் இவன். "உன் வண்டிதான் பறக்குமே, நேரத்தைப் பிடிச்சுக்க" என்று இறங்கிப் போய்விட்டார். கஞ்சனூரில் சுக்கிரனைப் பார்த்து வெளியே வந்தபோது குருக்கள் சாவியோடு நின்றார்.

மாயவரத்தில் சாப்பிட்டோம். நவக்கிரகப் பயணத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. நண்பகலை ஒட்டி நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். காலையில் ஐந்து, மாலையில் நாலு. ஓட்டலுக்குப் பக்கத்துப் புங்கமர நிழலில் எங்கள் வண்டிகளோடு நின்றிருந்த வாடகை டிசையரின் டிரைவர் இதே சுற்றை அம்பாசடரில் ஓட்டியவர், பிறகு டவேராவில் ஓட்டியவர். "அப்பவும் பன்னெண்டு, நாலு. இப்பவும் பன்னெண்டு, நாலு. சாமிக்கு நம்ம குதிரைத் திறன் தெரியாதுங்க" என்றார். 40 குதிரைத் திறனைத் தொடாத அம்பாசடரும், கம்பெனிக் கணக்கிலேயே 75 காட்டும் ஸ்விஃப்டும் வைத்தீஸ்வரன் கோயில் வாசலில் ஒரே நாலு மணிக்காகத்தான் காத்திருக்க வேண்டும். இந்த நக்கல் எதுவும் வேண்டாம், ஊர் பார்த்தால் போதும் என்பவர்களுக்குக் கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகமே 2024இலிருந்து ஒன்பது தலங்களுக்கும் ஒருநாள் பேருந்து விடுகிறது. தொடங்கியபோது கட்டணம் 750 ரூபாய்.

அந்த மரத்தடியில்தான் பெரியப்பா தன் பெரிய வெடியைப் போட்டார். "ஏம்ப்பா, உன் வண்டி என்ஜின் யாரோடது?"

"சுசுகி."

"டீசல் சுசுகியோடதா?"

இவன் முழித்தான். கொஞ்சம் விஷயம் தெரிந்தவன்தான். அதனால் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஸ்விஃப்ட் டீசலில் இருக்கும் 1,248 சி.சி. என்ஜின் இத்தாலியின் ஃபியட் உருவாக்கியது. உரிமம் வாங்கி இங்கே செய்தார்கள். இதே என்ஜினை டாடாவும் போட்டது, ஃபியட்டும் போட்டது. சாலையில் எங்கு பார்த்தாலும் அதுதான் என்பதால் இந்தியாவின் தேசிய என்ஜின் என்று கேலியாகச் சொல்வார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்ததோடு மாருதி டீசலையே விட்டுவிட்டது.

"அப்ப நீ எங்க மச்சான் கட்சி. நாப்பது வருஷமா நான் ஃபியட்காரனோடதான் சண்டை போட்டுக்கிட்டிருக்கேன், ஆளு மட்டும் மாறிருக்கு" என்றார். டிசையர் டிரைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார்.

இவனும் விடவில்லை. பேச்சு பந்தயத்துக்குப் போனது. 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததை இவன் வாரம் தவறாமல் சொல்வான். பெரியப்பா சோழவரத்தை எடுத்தார். சென்னைக்கு வடக்கே, போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் 1950களிலிருந்து நடந்த பந்தயங்கள் அவை. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தபின் சோழவரம் பழங்கதை ஆனது. கல்லூரி நாட்களில் ரயிலேறிப் போய் வெயிலில் நின்று பார்த்தவர். "ஹெரால்டு ரெண்டு சக்கரத்துல திரும்பும்டா." அதற்கு இவன் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: "கைதட்டினதை ஓட்டுன கணக்குல எழுதக்கூடாது தாத்தா." அஜித்துக்கும் இவன் கைதட்டியதுதான், ஓட்டியதில்லை. அதைச் சொல்ல நான் வாய் திறக்குமுன் நாலு மணி ஆகிவிட்டது.

மாலையில் நான் ஸ்விஃப்டுக்கு மாறினேன். குளிர்சாதனம், இருக்கை எல்லாம் சொகுசுதான். ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிற்றைக் காட்டிக் குறுக்காக ஏற்றி இறக்க வேண்டும். வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு முடிந்து கீழப்பெரும்பள்ளம் போகும் கிளைச்சாலையில் வண்டி நின்றது. சாலையை அடைத்து உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள்.

சம்பா அறுப்புக்குமுன் வயலிலேயே விதைத்துவிடும் உளுந்தும் பச்சைப்பயறும் டெல்டாவில் பங்குனியில் அறுவடைக்கு வரும். காயவும் அடிக்கவும் களம் போதாது. தார்ச்சாலையில் பரப்பினால் போகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கும். இருசக்கர வண்டிக்காரர்கள் சறுக்கி விழுகிறார்கள், காவல் துறை கண்டிக்கிறது, வழக்கம் மட்டும் போகவில்லை. எங்கள் ஸ்விஃப்ட் முன்பம்பரால் செடியை வாரிக் குவித்துத் தள்ளிக்கொண்டே போய் மலைபோல் சேர்ந்ததும் நின்றது. பின்னால் வந்த அம்பாசடர் ஜம்மென்று ஏறியது, பத்து கஜம் போனதும் ஒரு முனகல். என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் சுழல்தண்டில் செடி கயிறு முறுக்கியதுபோல் சுற்றிக்கொண்டது. இதை அப்படியே விடக்கூடாது. சைலன்சர் சூட்டில் பற்றிக்கொண்டு எரிந்துபோன கார்கள் உண்டு. பெரியப்பா கோயிலுக்குக் கட்டிவந்த வேட்டியோடு அடியில் படுத்தார். பேரன் அந்தப் பக்கம் படுத்தான். கருக்கரிவாளை வாங்கி இவன் அறுக்க, அவர் பிடித்து இழுத்தார். கால் மணி நேரம் இருவரும் ஒரு நக்கலும் பேசவில்லை.

அரிவாள் கொடுத்த அம்மா முறத்தோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தது. முடிந்ததும், "வந்தது வந்தீங்க, ரெண்டு வண்டியையும் பின்னால எடுத்து இன்னொரு தரம் ஏத்திட்டுப் போங்க" என்றது. அப்படியே செய்தோம். குனிந்து ஒரு கொத்தை எடுத்துக் காய் உடைந்திருக்கிறதா என்று பார்த்தது. "ரெண்டும் வேலைக்காவாது. லாரி வரட்டும்."

இரும்பு பற்றி மட்டும் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். 'எங்க வண்டி தகடு கெட்டி, இடிச்சா உன் வண்டி அப்பளம்' என்பது பெரியவர்கள் எல்லோரும் சொல்லும் கடைசி வாதம். அது தவறு. 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 1959 மாடல் செவர்லே பெல் ஏரையும் 2009 மாடல் செவர்லே மாலிபுவையும் மணிக்கு 64 கிலோமீட்டரில் நேருக்கு நேர் மோதவிட்டது. கெட்டித் தகடு ஓட்டுநர் பொம்மையின்மேல் வந்து விழுந்தது. புது வண்டியின் முன்பக்கம் நசுங்கியது, அதன் பொம்மைக்குக் காலில் மட்டும் சிறு அடி. அதற்காகப் பேரன் துள்ள வேண்டாம். 2014இல் குளோபல் என்கேப் மோதிப் பார்த்த, காற்றுப்பை இல்லாத இந்திய ஸ்விஃப்ட் வாங்கியது பூஜ்ய நட்சத்திரம். இரண்டு வண்டியிலும் ஒன்பது கிரகத்தை நம்பித்தான் ஏற வேண்டும்.

திருநள்ளாறில் சனீஸ்வரனைப் பார்த்து வெளியே வந்தபோது மணி எட்டரை. ஸ்விஃப்டின் 15 வருடம் இந்த ஆண்டோடு முடிகிறது. தனியார் காருக்கு அதற்குமேல் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டு அறிவிப்பின்படி 10,000. அம்பாசடர் 50 வயதாகி 'விண்டேஜ்' பதிவு வாங்க 2034 வரை பொறுக்க வேண்டும், வாங்கினாலும் அன்றாடம் ஓட்டக்கூடாது என்பது விதி. பெரியப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. அடுத்த மாதம் தாத்தாவும் பேரனும் சேர்ந்தே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகிறார்கள். பேரனுக்கு 5,000, தாத்தாவுக்கு 10,000.