ஆச்சியின் பாகுப் பதம்

1970-இல் அரசு சிமெண்ட் ஆலை வந்த நாள் முதலாகப் பல ஊரார் கூடி வாழும் ஊர் எங்கள் ஆலங்குளம். கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சாத்தூர் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கடையில் வாங்குவோம். அதிரசம் மட்டும் ஆச்சியின் கைப்பக்குவம்.

ஊறவைத்த பச்சரிசியை நிழலில் உலர்த்தி, ஈரம் காயுமுன் இடித்துச் சலிப்பார். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ மண்டைவெல்லம். பாகைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும். ஏலம், சுக்கு சேர்த்துக் கிளறிய மாவு இரண்டு நாள் ஊறும்.

சென்ற ஆண்டு, ஆச்சி இல்லாத முதல் கிறிஸ்துமஸ். சகோதரிகள் நாங்கள் மூவரும் அம்மாவுடன் அடுப்படியில் நின்றோம். அளவெல்லாம் சரிதான், பாகுப் பதம்தான் தவறியது. முதல் அதிரசம் எண்ணெயிலேயே கரைந்துபோயிற்று. அம்மா முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"மாவு இளகினால் பச்சரிசி மாவு தூவணும்னு ஆச்சி சொல்வாங்களே!" என்றாள் கடைக்குட்டி. எப்போதும் ஆச்சியின் அருகிலேயே உட்கார்ந்திருந்தவள் அவள். அப்படியே தூவிப் பிசைந்தோம். அடுத்த அதிரசம் பொன்னிறமாய் உப்பி எழுந்தது. ஆச்சியின் வழக்கப்படி முதல் தட்டு அடுத்த வீட்டுக்குச் சென்றது.

அன்புத் தோழியரே, அளவை ஏட்டில் எழுதிவிடலாம். பதத்தை அருகிலிருந்துதான் கற்க வேண்டும். உங்கள் ஆச்சி அடுப்படியில் இருக்கும்போதே அருகில் போய் உட்காருங்கள்.